மாட்டிறைச்சி உண்ணாத மனைவியுடன் உயர்தர பர்கர் உணவகத்துக்குச் செல்வது பற்றி ஆலோசனை தேவை

பொங்கோல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் திருமண நாள் வருகிறது. அன்று இரவு மனைவியை இங்கே சிங்கப்பூர் நகரத்தில் உள்ள உயர்தர பர்கர் உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன். விரைவுணவுக் கடைகளைச் சொல்லவில்லை. இறைச்சியை அன்றன்று அரைத்து, கேட்ட பக்குவத்தில் சுட்டு, மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் இடங்களைச் சொல்கிறேன்.

நான் கிறிஸ்துவக் குடும்பத்தில் வளர்ந்தவன்; அம்மா வீட்டில் மாட்டிறைச்சிப் பிரட்டல் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். மனைவி இந்து. கோழி, மீன், ஆடு எல்லாம் சாப்பிடுவார், மாட்டிறைச்சியைத் தொடமாட்டார். திருமணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு அடுப்பில் மாட்டிறைச்சி ஏறியதில்லை. அது இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. வெளியே போகும்போது நான் அதைச் சாப்பிடுவதில் அவருக்கும் மறுப்பு இல்லை. பர்கர் உணவகத்துக்குப் போகலாம் என்று முதலில் சொன்னதே அவர்தான். “உங்களுக்குப் பிடிக்குமே, எனக்கு ஏதாவது ஒன்று இருக்கும்” என்றார்.

அந்த “ஏதாவது ஒன்று”தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இணையத்தில் உணவுப் பட்டியல்களைப் பார்த்தால், முதல் பக்கம் முழுவதும் மாட்டிறைச்சி பர்கர்களைப் பற்றி நாலைந்து வரி வருணனையோடு எழுதியிருக்கிறார்கள். எந்தப் பண்ணை, எந்தப் பகுதி இறைச்சி, எத்தனை நாள் பதப்படுத்தியது என்று எல்லா விவரமும் இருக்கிறது. கடைசியில் ஒரு கோழி பர்கர், ஒரு தாவர பர்கர். அவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. திருமண நாளில் அவர் எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடக் கூடாது. இருவருக்கும் அது நல்ல சாப்பாடாக அமைய வேண்டும்.

ஆகவே, விவரம் தெரிந்தவர்களிடம் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். இத்தகைய உணவகங்களில் கோழி பர்கரையும் மாட்டிறைச்சி சுடும் அதே கல்லில்தான் சுடுகிறார்களா? முன்பு ஓர் உணவகத்தில் பரிமாற வந்த இளைஞரிடம் இதைக் கேட்டபோது, அவருக்குப் பதில் தெரியவில்லை. மனைவி அன்று உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். இரண்டாவதாக, ஒரு பர்கருக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுப்பதற்கு அதில் உண்மையில் சரக்கு இருக்கிறதா, அல்லது அந்த விலை அலங்காரத்துக்கா? இருவருக்கும் சேர்த்து 120 வெள்ளிக்குள் முடிக்க நினைக்கிறேன்.

ரேஸ்கோர்ஸ் ரசிகன் எழுதியது:

தம்பி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருமண நாளில் கணவனும் மனைவியும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட முடியாத ஓர் உணவகத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை. ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை போட்டு மீன்தலைக் கறியை நடுவில் வைத்தால் இருவரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடலாம். யாரிடமும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. பர்கர் சாப்பிட வேண்டும் என்றால் அலுவலக நண்பர்களோடு ஒரு மதிய வேளையில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாமே.

தெம்பனிஸ் வாசகி எழுதியது:

ரசிகன் அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் நான் இந்தக் கேள்வியில் வரும் மனைவியின் இடத்தில் இருப்பவள். என் கணவரும் மாட்டிறைச்சி சாப்பிடுபவர். எங்களுக்குப் பிடித்த பர்கர் உணவகம் ஒன்று இருக்கிறது. அங்கே போவதற்கு நானே நாள் குறிப்பேன். மொறுமொறுப்பாகப் பொரித்த கோழித் தொடை, ஊறுகாய் வெள்ளரி, காரச் சாறு (சாஸ்), வெண்ணெய் மணக்கும் பன் எல்லாம் சேர்ந்த நல்ல கோழி பர்கருக்காக நான் போகிறேன், அவருக்குத் துணையாக அல்ல. உங்கள் மனைவியே முன்வந்து சொன்ன யோசனையை, அவருக்காக என்று நாம் தள்ளிவைப்பது சரியாக இருக்காது என்பது என் எண்ணம்.

உணவகத்தைக் கேட்பதற்கு முன்பு நீங்கள் அவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. என் அக்காவுக்குத் தன் தட்டில் இருக்கும் உணவில் மாட்டிறைச்சி இல்லாவிட்டால் போதும்; அது எந்தக் கல்லில் வெந்தது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அப்படியில்லை. அதே கல், அதே கரண்டி என்று தெரிந்தால் ஒரு வாய்கூட இறங்காது. என் மாமியாருக்கோ சுடும் வாடையே ஆகாது. உங்கள் மனைவி இதில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தாலும் கேளுங்கள். பல பெண்கள் கணவருக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, அங்கே போய் வெறும் வறுவலைக் கொறித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எழுதிய அந்த இரவும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

இன்னொன்று, சின்ன விஷயமானாலும் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு வறுவலை இருவருக்கும் சேர்த்து ஒரே கிண்ணமாக வாங்காதீர்கள். நீங்கள் பர்கரைக் கையில் பிடித்துச் சாப்பிடுவீர்கள். இறைச்சிச் சாறு விரலில் வழியும். அதே விரலால் வறுவலை எடுப்பீர்கள், இருவருக்கும் பொதுவான சாஸில் தோய்ப்பீர்கள். நீங்கள் கவனிக்காவிட்டாலும் அவர் கவனிப்பார். உங்களிடம் சொல்லாமல் கையை எடுத்துக்கொள்வார். இரண்டு சிறிய கிண்ணங்களாகக் கேட்டு வாங்குங்கள். திறந்த சமையலறையாக இருந்தால் அதிலிருந்து தள்ளி இருக்கும் மேசையை முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள்.

கல்லடுப்பு எழுதியது:

நான் நகரப் பகுதியில் இப்படிப்பட்ட ஓர் உணவகத்தின் சமையலறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்போது வேறு வகைச் சமையலுக்கு மாறிவிட்டேன். உள்ளே நடப்பதைச் சொல்வது உங்களுக்கு உதவும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான பர்கர் சமையலறைகளில் ஒரு பெரிய தட்டையான இரும்புக் கல்தான் இருக்கும். நம் பரோட்டாக் கல்லைப் போலத்தான், அளவுதான் பெரிது. அரைத்த மாட்டிறைச்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும்படிக் கலப்பார்கள். அதை உருண்டையாக உருட்டி, நன்றாகச் சூடேறிய கல்லில் வைத்து, முதல் அரை நிமிடத்துக்குள் கனமான கரண்டியால் அழுத்துவார்கள். அப்போது உருகி ஓடும் கொழுப்பு கல் முழுவதும் பரவும். சுரண்டியால் ஒதுக்குவார்கள், ஆனால் கூட்ட நேரத்தில் கல்லைக் கழுவித் துடைக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே, கல்லில் சுடப்படும் எந்தக் கோழியும், எந்தத் தாவர பேட்டியும் (பன்னுக்குள் வைக்கும் வட்டத் துண்டு) மாட்டுக் கொழுப்பைத் தொடாமல் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பொரித்த கோழி பர்கர் என்றால் நிலைமை வேறு. அது எண்ணெய்ச் சட்டியில் வேகிறது, கல்லுக்கு வருவதில்லை. ஆனால் இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பன்னை வாட்டுவது அந்தக் கல்லில்தான். பன்னை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவி, கல்லின் ஓரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். சில இடங்களில் வெண்ணெய்கூட இல்லாமல், இறைச்சியிலிருந்து இறங்கிய கொழுப்பிலேயே வாட்டுவார்கள். கோழி எவ்வளவு சுத்தமாக வந்தாலும் பன் அந்தக் கொழுப்பைக் குடித்துவிட்டிருக்கும். எனவே தொலைபேசியில் “கோழியைத் தனியாகச் சமைப்பீர்களா” என்று மட்டும் கேட்டால் “ஆமாம்” என்று உண்மையாகவே சொல்வார்கள்; உங்கள் கவலை மட்டும் தீர்ந்திருக்காது. “பன்னை எங்கே வாட்டுவீர்கள்” என்று கேளுங்கள். மேலிருந்து அனல் அடிக்கும் சாலமண்டர் அடுப்போ, ரொட்டி வாட்டும் இயந்திரமோ இருக்கும் சமையலறை என்றால் உடனே “அதில் வாட்டித் தருகிறோம்” என்பார்கள்.

எண்ணெய்ச் சட்டியைப் பற்றியும் கேட்க வேண்டும். சில உணவகங்கள் வறுவலுக்கு மாட்டுக் கொழுப்பையே பயன்படுத்துகின்றன. அதைப் பெருமையாகப் பட்டியலிலும் போடுவார்கள். வேறு சில இடங்களில் தாவர எண்ணெய்தான், ஆனால் இறைச்சி வைத்த உருண்டைகளையும் அதே சட்டியில் பொரிப்பார்கள். சாஸ்களில் இறைச்சிக் குழம்பு கலந்ததும் உண்டு.

எப்போது அழைப்பது என்பதும் முக்கியம். மதியக் கூட்டம் ஓய்ந்து இரவுக் கூட்டம் தொடங்காத மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் அழைத்து, சமையலறைப் பொறுப்பாளரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். பரிமாறுபவருக்குப் பதில் தெரியாமல் போவது அவர் குற்றம் அன்று. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டால் உங்கள் முன்பதிவில் குறிப்பு ஏறும்; அந்தக் குறிப்பு ஆர்டர் சீட்டோடு அடுப்புக்கு வரும். வெள்ளி, சனி இரவு ஏழரை மணிக்கு இதையெல்லாம் எதிர்பார்ப்பது கடினம். திருமண நாள் வேலை நாளில் வந்தால் மாலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள்.

விலை பற்றிய கேள்விக்கு என் கருத்து: நல்ல பர்கருக்கு நல்ல விலை கொடுக்கலாம், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அன்றன்று அரைத்த இறைச்சி, கேட்ட பிறகு சுடுவது, நல்ல பன் ஆகிய மூன்றும் பணம் பெறும். வாக்யூ என்ற ஜப்பானிய வகை மாட்டிறைச்சியில் செய்த பர்கருக்குக் கூடுதலாகப் பத்து வெள்ளி கேட்டால் நான் கொடுக்கமாட்டேன். வாக்யூவின் சிறப்பு, தசைக்குள் கொழுப்பு நுண்ணிய கோடுகளாக ஓடுவது. முழுத் துண்டாகச் சுடும்போதுதான் அது நாக்கில் தெரியும். அரைத்துவிட்டால் அந்த அமைப்பே போய்விடுகிறது. சாதாரண இறைச்சியிலும் தேவையான கொழுப்பைச் சேர்த்து அரைக்கலாம். டிரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானின் பெயரில் விற்கும் வறுவலும் அப்படித்தான். அதில் ஊற்றும் டிரஃபிள் எண்ணெயில் பெரும்பாலானவற்றுக்கு மணம் தருவது காளான் அன்று. 2,4-டைதயாபென்டேன் என்ற, ஆய்வுக்கூடத்தில் செய்யும் ஒரு சேர்மம். மணம் பிடித்திருந்தால் வாங்குங்கள். காளானுக்குக் காசு கொடுப்பதாக நினைத்து வாங்காதீர்கள்.

உங்கள் தட்டுக்கு ஒரு வார்த்தை. முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சுடும்போது அழிந்துவிடும். அரைக்கும்போது மேலிருப்பது உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, முழுத் துண்டுக்கு 63 டிகிரி செல்சியஸும் பிறகு மூன்று நிமிடம் அப்படியே வைத்திருப்பதும் போதும் என்றும் அரைத்த இறைச்சி உள்ளே 71 டிகிரியை எட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. நடுவே சிவப்பாக வேண்டும் என்று கேட்காதீர்கள். மெல்லியதாக அழுத்திச் சுடும் வகையில் முழுவதும் வெந்தாலும் ஓரங்களின் மொறுமொறுப்பு ருசியைக் கொடுத்துவிடும். உங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

குவீன்ஸ்வே எழுதியது:

கல்லடுப்பு அவர்கள் சமையலறையைச் சொல்லிவிட்டார். நான் பில்லைச் சொல்கிறேன். பட்டியலில் 30 வெள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றொன்று 9 விழுக்காடு பொருள், சேவை வரி. வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின் மேல் கணக்கிடப்படுவதால் மொத்தத்தில் 19.9 விழுக்காடு கூடுகிறது. அதாவது பட்டியல் விலையோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டால் போதும். இரண்டு பர்கர், இரண்டு வறுவல், இரண்டு பானம், ஓர் இனிப்பு என்று 98 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 117 வெள்ளி 50 காசு வரும். உங்கள் 120 வெள்ளிக்குள் அடங்கும். ஆனால் 100 வெள்ளியைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைகள் பொதுவாக வரி சேர்ந்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்று இங்கே விதி இருந்தாலும், சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. விலை இவற்றுக்கு உட்பட்டது என்று அறிவித்தால் போதும். சேவைக் கட்டணம் சட்டம் கேட்பதன்று, உணவகத்தின் வருமானம். அது அப்படியே பரிமாறியவரின் கைக்குப் போகிறது என்று நினைக்க வேண்டாம். உங்கள் மனைவியின் பர்கருக்காக யாராவது மெனக்கெட்டிருந்தால், பொறுப்பாளரிடம் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு வாருங்கள்.

பர்கருக்கு இந்த விலை எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1979-ல் ஆர்ச்சர்ட் சாலை லியட் டவர்ஸில் மெக்டானல்ட்ஸ் திறந்தபோது எங்கள் தலைமுறைக்குப் பர்கர் என்பது மலிவான புதுமை. 2001-ல் நியூயார்க்கில் டானியல் பூலூ என்ற பிரெஞ்சு சமையல் வல்லுநர், மாட்டிறைச்சிக்குள் வாத்து ஈரலையும் நெடுநேரம் வெந்த விலா இறைச்சியையும் கறுப்பு டிரஃபிளையும் வைத்து 27 அமெரிக்க டாலருக்கு ஒரு பர்கர் விற்றார். பெரிய சமையல் வல்லுநர்கள் பர்கரில் கை வைப்பதற்கு அது ஒரு பெரிய தூண்டுகோல். பின்னாளில் மரினா பே சாண்ட்ஸில் இருந்த அவருடைய உணவகத்திலும் அது கிடைத்தது. நம் ஊரில் இப்போது இடைப்பட்ட நிலையிலும் வழி இருக்கிறது: 2019-ல் ஷேக் ஷாக் ஜுவல் சாங்கிக்கும் ஃபைவ் கைஸ் பிளாசா சிங்கபூராவுக்கும் வந்தன. ஆனால் திருமண நாளுக்கு நீங்கள் கேட்பது உட்கார வைத்துப் பரிமாறும் இடம். அதற்கு நீங்கள் ஒதுக்கிய தொகை நியாயமானதே.

பிடோக் சகோதரி எழுதியது:

நான் முஸ்லிம். நீங்கள் கேட்டது ஹலால் பற்றி அன்று. இருந்தாலும் தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் என் இந்துத் தோழி ஒருவர் இதில் சிக்கிக்கொண்டார். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் பெற்ற பர்கர் உணவகங்களில் பன்றி இறைச்சி கிடையாது. அதனால் வழக்கமாகப் பன்றி இறைச்சியில் செய்யும் “பேக்கன்” கீற்று பட்டியலில் இருந்தால் அது வான்கோழியாக இருக்கும், அல்லது மாட்டிறைச்சியாக இருக்கும். கோழி பர்கர் என்று நம்பி வாங்கினால் உள்ளே இரண்டு கீற்று மாட்டிறைச்சி பேக்கன் இருப்பது அங்கே சாதாரணம். எங்களுக்கு அதில் தயக்கம் இல்லை என்பதால் சொல்லாமலே வைத்துவிடுவார்கள். கோழி பர்கருக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, சான்றிதழ் பெற்ற இடத்தில் மது இருக்காது. திருமண நாளில் ஒரு கோப்பை திராட்சை மது வேண்டும் என்று நினைத்திருந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே படிக்கும் முஸ்லிம் தம்பதியருக்கும் ஒரு வார்த்தை: பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்று வாசலில் எழுதி வைத்திருப்பது சான்றிதழ் ஆகாது. இறைச்சி எப்படி அறுக்கப்பட்டது, சாற்றில் மது சேர்ந்ததா என்பவற்றுக்கு அந்தப் பலகை பதில் சொல்லாது.

சைவ மேசை எழுதியது:

தாவர பர்கரை யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். இம்பாசிபிள் நிறுவனத்தின் பேட்டி 2019 மார்ச்சில் சிங்கப்பூருக்கு வந்தது. அதன் பிறகு பெரிய உணவகங்கள் பலவும் பட்டியலில் அதைச் சேர்த்தன. அது சோயாப் புரதமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தது. இறைச்சியின் சிவப்பும் சாறும் இருப்பதற்காக, ஈஸ்ட் மூலம் தயாரிக்கும் ஹீம் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். மாட்டிறைச்சியை விட்டவர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருக்கலாம். பிறந்ததிலிருந்து தொடாதவர்களில் பலருக்கு அந்தச் சிவப்பும் வாடையுமே பிடிப்பதில்லை. மாட்டிறைச்சியைப் போல இருப்பதற்காகவே செய்த ஒன்றை அவர்கள் ஏன் விரும்ப வேண்டும்? உங்கள் மனைவிக்கு இதைக் கேட்காமல் முன்கூட்டியே சொல்லிவைக்காதீர்கள். சீஸ் அடைத்துப் பொரித்த போர்ட்டோபெல்லோ காளான் பர்கர் கிடைத்தால் அது எவ்வளவோ மேல்.

முழுச் சைவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிரியோஷ் என்ற மென்மையான பன்னில் முட்டையும் வெண்ணெயும் உண்டு. சமையலறை முழுவதுமே தாவர உணவாக இருக்கும் இடத்தில் இந்தக் கவலைகள் எழாது. ஆனால் அங்கே கணவருக்கு அவர் விரும்பும் பர்கர் கிடைக்காது என்பதால் அதை உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை.

பொங்கோல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு போய்விட்டு வந்தோம். இனி கேட்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

வாசகி அக்கா சொன்னபடி முதலில் மனைவியிடம் கேட்டேன். கல்லைப் பற்றி அவர் முதலில் எதுவும் சொல்லவில்லை. பன்னை அதே கொழுப்பில் வாட்டுவார்கள் என்று சொன்னதும் “அப்படியென்றால் எனக்கு வேண்டாம்” என்று உடனே சொன்னார். இவ்வளவு தெளிவாக அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதன் பிறகு மாலை நான்கு மணி வாக்கில் சில உணவகங்களை அழைத்தேன். ஓரிடத்தில் தனியாகச் செய்ய முடியாது என்று நேர்மையாகச் சொன்னார்கள். இன்னோரிடத்தில் வறுவலுக்கே மாட்டுக் கொழுப்பு. கடைசியில் ஓர் உணவகத்தின் சமையலறைப் பொறுப்பாளர், கேள்வியை முடிப்பதற்குள்ளேயே புரிந்துகொண்டு, கோழியைத் தாவர எண்ணெயில் பொரிப்பதாகவும் பன்னை சாலமண்டரில் வாட்டுவதாகவும் கையுறை மாற்றிக்கொண்டு அடுக்குவதாகவும் சொன்னார். தங்கள் பணியாளர்களிலும் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இருப்பதாகச் சொன்னார்.

ஆறு மணிக்குப் போனோம், கூட்டமில்லை. அவருடைய பர்கர் வேறு நிறத் தட்டில், சிறு கொடி குத்தி வந்தது. பரிமாறிய பெண் தட்டை வைக்கும்போதே, பன் கல்லைத் தொடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கோழித் தொடை உள்ளே ஈரமாகவும் மேலே முறுகலாகவும் இருந்தது. கடிக்கும்போது வந்த சத்தம் எனக்கே கேட்டது. சாலமண்டரில் வாட்டிய பன், கல்லில் வாட்டியதன் அளவுக்கு மொறுமொறுப்பாக இல்லை என்பது உண்மை. சாறு சற்று இனிப்புத் தூக்கல் என்றும் ஊறுகாய் வெள்ளரி அதைச் சரிக்கட்டிவிட்டது என்றும் மனைவி சொன்னார். நான் மெல்லியதாக அழுத்திச் சுட்ட இரட்டை அடுக்கை வாங்கினேன், வாக்யூவைத் தவிர்த்தேன், ஓரங்கள் கல்லடுப்பு ஐயா சொன்னபடியே இருந்தன. வறுவல் இரண்டு கிண்ணம். பில் 120 வெள்ளிக்குக் கீழே வந்தது.

ரசிகன் அண்ணனுக்கு: மீன்தலைக் கறிக்கும் போவோம், அதில் ஐயமில்லை. ஆனால் நேற்று அவர் தன் பர்கரை முழுவதும் சாப்பிட்டார். அங்கே இன்னொரு கோழி பர்கரும் காளான் பர்கரும் இருப்பதைப் பார்த்து, அடுத்த முறை காளான் என்று சொல்லியிருக்கிறார். காளானைக் கல்லில் சுடுகிறார்களா, பொரிக்கிறார்களா என்று பொறுப்பாளரிடம் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார், பொரிப்பதாகத்தான் சொன்னார்கள். உணவகத்தின் பெயர் வேண்டுவோர் தனிச்செய்தி அனுப்பினால் சொல்கிறேன்.